தமயந்திக்கு வைத்த சேனை

மூளைக்காய்ச்சலில் இருந்து பிழைத்து எழுந்த என் மனைவி தமயந்தி, எங்கள் மகளைப் பார்த்து முதலில் கேட்டது, "யாரு இந்தப் பிள்ள? அசப்புல நம்ம மதி மாதிரியே இருக்கு" என்பதுதான்.

வார்டில் நின்ற எல்லோரும் சிரித்தோம். செத்துப் பிழைத்தவள் விளையாடுகிறாள் என்று நினைத்தோம். மதியும் சிரித்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. சிரித்தபடியே கட்டிலில் ஏறப்போனவளைத் தமயந்தி முழங்கையால் தள்ளினாள். பலமாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பிள்ளை நம் மேல் தூங்கி விழுந்தால் நாசூக்காக நகர்த்துவோமே, அப்படி. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. தமயந்திக்கு மறதி ஒன்றும் இல்லை. கடுகு எந்த டப்பாவில், சிலிண்டர் எப்போது மாற்றினோம், மதி பிறந்தபோது மழை பெய்ததா இல்லையா, எல்லாம் சரியாகச் சொன்னாள். மதியின் கன்னத்து மச்சத்தைச் சொன்னாள். எதிரே நிற்கும் பிள்ளையின் கன்னத்தில் அதே மச்சம் இருப்பதையும் ஒப்புக்கொண்டாள். "அச்சு அசலாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா இது என் பிள்ள இல்ல. என் பிள்ளைய எங்க வச்சிருக்கீங்க?" என்று என் சட்டையைப் பிடித்தாள். என்னையும் அவள் முழுதாக நம்பவில்லை. மதியின் அப்பா சாயலில் இருக்கிற ஓர் ஆள் என்ற கணக்கில் வீட்டுக்குள் இருக்கவிட்டாள். அதை நான் தாங்கிக்கொண்டேன். கல்யாணமான ஆண்களுக்கு அது அவ்வளவு புது அனுபவமும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்?

நான் மதுரையில் பிளக்ஸ் போர்டு அடிக்கிறவன். முகங்களை வைத்துப் பிழைக்கிறவன் என்று சொல்லலாம். காதுகுத்து என்றாலும் கண்ணீர் அஞ்சலி என்றாலும் எங்கள் ஏரியா முகமெல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். கொஞ்சம் வெளுப்பாக்கி, கொஞ்சம் தொப்பையைக் குறைத்து, அப்படியும் பார்க்கிறவனுக்கு "நம்மாளு" என்று தோன்றும்படி செய்வது என் தொழில். அந்த "நம்மாளு" என்கிற எண்ணம் முகத்தில் இருந்து வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேறெங்கோ இருந்து வருகிறது என்பதைத் தமயந்தி காட்டினாள்.

போன் விஷயத்தை மதிதான் கண்டுபிடித்தாள். ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் என் போனில் இருந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். கீழே கூடத்தில் போனை எடுத்த தமயந்தி, குரலைக் கேட்டதும் கதறிவிட்டாள். "மதி! எங்கடி இருக்க? சாப்டியா? யாருடி உன்னைக் கூட்டிட்டுப் போனது?" இந்த நோயில் கண் வழியாக வரும் உறவு அறுந்துபோனாலும் காது வழியாக வருவது அறுவதில்லையாம். டாக்டர்கள் பிறகு சொன்னார்கள். நேரில் நின்று பேசினால் கண்தான் ஜெயிக்குமாம். அதில் இருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மதி மாடிக்குப் போய் அம்மாவோடு பேசுவாள். டீச்சர் திட்டியது, பக்கத்து பெஞ்சுக்காரியோடு சண்டை, எல்லாம் சொல்வாள். "எப்படி வருவ, வீட்டுக்கு?" என்று அம்மா அழுவாள். "சீக்கிரம் வந்துருவேன், அழாத" என்பாள் மதி. பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்து, அம்மாவைத் தாண்டிப் போய், தானே தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிடுவாள். தமயந்தி என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு வீடு வாசல் கெடையாதா? எந்நேரமும் இங்கயே கெடக்கு" என்பாள்.

இதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் சும்மா இருக்க முடியுமா? டாக்டர் மேகலாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் மூளை விஞ்ஞானி. ஐம்பது வயது இருக்கும். கையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்தார். மூளையைப் பற்றிப் பேச வந்தவனை நேராக ஒரு கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு பெண் கயிறு கட்டிய சிவப்பு பிளாஸ்டிக் மக் ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். அதன் பின்னால் கோழிக்குஞ்சுகள் விழுந்தடித்து ஓடின. எங்கள் கடைக்கு வரும் கட்சிக்காரர்கள் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"முட்டைய விட்டு வந்ததும் இதுங்க கண்ணுல முதல்ல அசைஞ்சது இந்த மக்குதான்" என்றார் டாக்டர். "இனிமே இதுதான் அம்மா. நிஜக் கோழியக் கொண்டாந்து விட்டாலும் திரும்பிப் பாக்காது. மூளையில அதுக்குன்னு ஒரு கதவு இருக்குன்னு வச்சுக்கோங்க. பொறந்ததும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துல யார் முன்னால இருக்காங்களோ அவங்க பதிஞ்சிடுவாங்க. அப்புறம் சாத்திக்கும்."

"சாத்துனா?"

"சாத்துனா சாத்துனதுதான். நான் வர்ற வரைக்கும் அப்படித்தான் எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க" என்று சிரித்தார். அவருக்குத் தன்மேல் ஒரு பெருமை உண்டு. அதில் தப்பும் இல்லை.

அடுத்த தடுப்பில் ஓர் ஆடும் குட்டியும் நின்றன. "இந்தம்மா குட்டி போட்டதும், நக்க விடாம குட்டியத் தனியா எடுத்துட்டோம். மறுநாள் கொண்டாந்து விட்டா முட்டித் தள்ளுது. பெத்த குட்டிதான், பால் குடிக்க விடல. தாயோட மூளையிலயும் ஒரு கதவு உண்டு சங்கரபாண்டி. பிரசவத்தப்ப திறக்கும், கொஞ்ச நேரத்துல சாத்திக்கும். எங்க மருந்தைப் போட்டோம். திரும்பத் திறந்துச்சு. இப்பப் பாருங்க."

குட்டி மடியை முட்டி முட்டிக் குடித்தது. ஆடு திரும்பி அதன் வாலடியை மோந்து பார்த்து, முதுகை நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டுக் கொட்டகையில் நின்று அழுத முதல் ஆள் நான் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

மனிதர்களில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். விபத்தில் அடிபட்டுப் பெண்டாட்டியை மறுத்த ஒருவர், தம்பியை மறுத்த ஓர் அண்ணன். இரண்டு பேரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள் என்றார். அம்மாவும் பிள்ளையும் என்று வருவது நாங்கள்தான் முதல்.

"மருந்து ஏத்துனதும் கண்ணைக் கட்டிருவோம். கதவு திறந்துருச்சுன்னு மெஷின் சொன்னதும் கட்டை அவுக்கணும். அப்ப உங்க பொண்ணு மட்டுந்தான் உள்ள இருக்கணும். நீங்க கூடாது, நான் கூடாது. பொண்ணோட தலைய ஈரமாக்கி உக்கார வைப்போம். பக்கத்துல துண்டு இருக்கும். அம்மா அதை எடுத்துத் துவட்டிவிடணும்."

"துண்டு எதுக்கு டாக்டர்?"

"ஆடு நக்குதுல்ல, அதுக்குப் பதிலா. ஆட்டுல என்ன செஞ்சமோ அதையே செய்யுறோம், அவ்வளவுதான்."

"இதுல தப்பா ஏதாவது ஆச்சுன்னா?"

"வேற ஆளு கண்ணுல பட்டா அந்த ஆளு பதிஞ்சிடுவாரு. அதான் யாரும் வரக்கூடாதுங்கிறேன்."

தமயந்தி மறுப்பே சொல்லவில்லை. "இந்த ஊசி போட்டா மதி வந்துருவாளா?" என்று மட்டும் கேட்டாள். டாக்டர் "வந்துருவா" என்றார். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

மருந்து ஏற்றும் நாள் காலையில் சீதாலட்சுமி மதினி வந்து சேர்ந்தார். தமயந்தியின் அக்கா. திருமங்கலத்தில் இருந்து ஒரு ஒயர் கூடையோடு வந்தார். கூடைக்குள் வெள்ளிச் சங்கும் சீனியும் இருந்தன. கூடவே வெள்ளை வேட்டியில் அவர்களுடைய பெரிய மாமா.

தெற்கத்திக்காரர்களுக்குச் சேனை என்றால் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற சீனித் தண்ணீர் அது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் வைப்பார். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை அடம்பிடித்தால் எங்கள் பக்கம் முதல் கேள்வியே "இவனுக்கு யாருய்யா சேனை வச்சது?" என்பதுதான். வைத்தவர் அந்த இடத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

"மறுபிறவி எடுத்து வர்றா என் தங்கச்சி" என்றார் மதினி. "சேனை வைக்காம யாராச்சும் பிள்ளைக்கு முகத்தக் காட்டுவாகளா? பெரிய மாமா வைக்கட்டும். அவரு மாதிரி தங்கமான மனுசன் நம்ம கூட்டத்துல உண்டா?"

"மதினி, கண்ணைத் தெறந்ததும் யாரைப் பாக்குறாளோ அவங்க பின்னாலயே சுத்துவா. காலம் பூரா பெரிய மாமா பின்னால சுத்துனா பரவாயில்லையா உங்களுக்கு?"

பெரிய மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "எனக்கு சாயங்காலம் ஊர்ல சோலி இருக்கு தம்பி" என்றார்.

மதினி விடவில்லை. அழ ஆரம்பித்தார். ஒன்றுமே வைக்காமல் வெறும் நாக்கோடு எழுப்பினால் தங்கச்சி விளங்காமல் போய்விடுவாள் என்றார். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். "வேற யாரும் போகக் கூடாதுன்னா, மதியே வைக்கட்டுமே. பச்சைப் பிள்ள. அதை விட நல்ல கொணம் யாருக்கு இருக்கு?"

எனக்கு அது பிடித்துவிட்டது. உண்மையில் மனசு நிறைந்துவிட்டது. மதி கையால் தமயந்தி இனிப்போடு எழுந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான்.

"எனக்கு எங்க அத்தை வச்சாங்களாம், அதான் இவ்வளவு வாய்" என்றார். "சரி, பொண்ணே வைக்கட்டும். நாக்குல ருசியும் சேந்தா இன்னும் நல்லாப் பதியும்."

ஆக, அந்த அறைக்கு வெளியே இருந்த அத்தனை பேரும் சேர்ந்துதான் அதைச் செய்தோம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. படிக்காதவர்களும் சரி என்றோம், படித்தவரும் சரி என்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஈரத் தலையோடு மதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் சத்தம் கொடுத்ததும், சொல்லிக்கொடுத்தபடி அம்மாவின் கண்கட்டை அவிழ்த்தாள். தமயந்தி கண்ணைத் திறந்து வெளிச்சத்தில் கூசினாள். மதி சங்கில் விரலை நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். தமயந்தி அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சப்பினாள். சப்பிக்கொண்டே மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. மதி இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். பிறகு சங்கு முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டாள். தமயந்தி மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மடியில் முகத்தைப் புதைத்தாள்.

மதினி தரையில் விழுந்து கும்பிட்டார். நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன். நாற்காலியில் மடித்து வைத்த துண்டை யாரும் எடுக்கவில்லை. மதியின் தலை தானாகவே காய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு சோதனைகள் வைத்தார்கள். வேறு வேறு பிள்ளைகளோடு மதியை நிறுத்தினால் தமயந்தி நேராக அவளிடம் போனாள். கதவைச் சாத்திப் பிரித்தால் அழுதாள். மதியின் முகத்தைக் காட்டினால் மூளைப் படத்தில் எங்கே வெளிச்சம் வர வேண்டுமோ அங்கே வந்தது. நூற்றுக்கு நூறு என்றார் டாக்டர். நான் கடைக்குப் போய், "தாயை மீட்டுத் தந்த தெய்வமே" என்று அவர் படத்தோடு ஒரு போர்டு அடித்து எங்கள் தெரு முனையில் கட்டினேன்.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மதி போகும் இடமெல்லாம் தமயந்தி போனாள். மதி குளித்தால் பாத்ரூம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். "தாய்ப்பாசம்னா இதான்யா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பிரிந்து கிடந்த ஏக்கம், போகப் போகச் சரியாகும் என்று நானும் நினைத்தேன். மதிக்கோ கால் தரையில் படவில்லை. இனி மாடிக்குப் போகத் தேவை இல்லை. அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், தொட்டால் தொடுகிறாள், கட்டிப்பிடித்தால் விடவே மாட்டேன் என்கிறாள். ஒரு பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்?

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இடித்தன. தமயந்தி சமைப்பதை நிறுத்திவிட்டாள். பசித்தால் மதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பார்ப்பாள். மதி ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். நான் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். தலை பின்னிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்காருவாள். மதி பள்ளிக்கூடம் கிளம்பினால் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெரு பார்க்க அழுவாள். மதி வருகிற வரைக்கும் அந்தக் கேட்டை விட்டு நகர மாட்டாள். பள்ளிக்கூடம் லேட்டாக விட்ட ஒரு நாள், வெயிலில் நின்று மயங்கி விழுந்திருக்கிறாள்.

எனக்கு விளங்கியது ஒரு நாயால்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். நான் கொஞ்சம் பின்னால் வந்தேன். சந்தில் இருந்து ஒரு வெறிபிடித்த நாய் குரைத்துக்கொண்டு அவர்கள் மேல் பாய்ந்து வந்தது. எந்த அம்மாவாக இருந்தாலும் என்ன செய்வாள்? பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் தள்ளிக்கொள்வாள். யோசித்துச் செய்கிற காரியமா அது? தமயந்தி மதியின் பின்னால் போய் ஒளிந்தாள். எட்டு வயதுப் பிள்ளையின் கவுனைப் பிடித்துக்கொண்டு, தன் முழு உயரத்தையும் குறுக்கி, அவள் முதுகில் முகத்தை ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். மதி நகரவில்லை. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அம்மாவை அணைத்துக்கொண்டு, மறுகையால் பையை ஓங்கினாள். நான் ஓடிப்போய்க் கல்லெடுத்து விரட்டினேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, போயிருச்சு பாரு" என்று மதி அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவள் குரலில் பயமே இல்லை.

மறுநாளே டாக்டர் மேகலாவைப் போய்ப் பார்த்தேன். நாய் கதையைச் சொன்னேன். ஊட்டுவதை, பின்னுவதைச் சொன்னேன். அவர் அந்தக் கண்ணாடி அறையில் எடுத்த வீடியோவைப் போட்டார். விரலை நனைத்து உதட்டில் வைக்கிற இடம் வந்ததும் நிறுத்தினார். திரும்பப் போட்டார். திரும்பவும் நிறுத்தினார்.

"ரெண்டு கதவு" என்றார், என்னைப் பார்க்காமல். "குஞ்சு அம்மாவைப் பதிஞ்சுக்கிற கதவு ஒண்ணு. அம்மா குட்டியப் பதிஞ்சுக்கிற கதவு ஒண்ணு. எங்க மருந்து ரெண்டையுமே திறக்குது போல. எது பதியணும்னு தீர்மானிக்கிறது, அந்த நேரத்துல யாரு யாரைக் கவனிச்சாங்கங்கிறது. ஆட்டுல எப்பவும் தாய்தான் குட்டிய நக்கும். அதனால இப்படி ஒரு கேள்வியே எங்களுக்கு வரல. எந்தக் குட்டியும் தாய்க்குச் சேனை வைக்கலையே, சங்கரபாண்டி."

"ஆனா நூத்துக்கு நூறுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். கிட்டப் போறாளா, பிரிஞ்சா அழறாளான்னு பாத்தோம். அம்மாவும் கிட்டப் போவா, பிள்ளையும் கிட்டப் போகும். பிரிஞ்சா ரெண்டும் அழும். எங்க சோதனைக்கு வித்தியாசம் தெரியாது." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "துண்டுதான் முக்கியமா இருந்திருக்கு. அவ துவட்டி விட்டிருந்தா அம்மாவா எழுந்திருப்பா. நீங்க கேட்டீங்களே, துண்டு எதுக்குன்னு. எனக்கே தெரியாமதான் பதில் சொல்லியிருக்கேன்."

"இன்னொரு ஊசி போடுங்க. இந்தத் தடவ சரியாச் செய்வோம்."

"நாலஞ்சு ஆட்டுக்குப் போட்டுப் பாத்திருக்கோம்" என்றார். "ரெண்டாவது தடவ திறந்தா, முன்னால பதிஞ்சது அழிஞ்சிருது. புதுசா எதுவும் பதிய மாட்டேங்குது. குட்டிய ஏத்துக்கல, மத்த ஆட்டோட சேரல. தண்ணியும் தீவனமும் முன்னால இருந்தும் தொடல. அத்தனை ஆடும் செத்துப் போச்சு."

அவர் மேல் கோபம் கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழுதுகொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

"இனிமே யாருக்கும் இப்படி ஆகாது. முறைய மாத்திருவோம்" என்றார்.

"அது மத்தவங்களுக்குத் தானே டாக்டர்" என்றேன்.

அப்படித்தான் ஆனது. தேனிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு அடுத்த வருஷம் இதே மருந்தைப் போட்டார்கள். அவள் கையில் துண்டைக் கொடுத்தார்கள். இப்போது மகனை அடித்து, ஊட்டி, பள்ளிக்கு விரட்டி ஒழுங்கான அம்மாவாக இருக்கிறாளாம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் சந்தோஷப்படவில்லை. வயிறு எரிந்தது, அதுதான் நிஜம்.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. மதியாவது தப்பிக்கட்டும் என்று, பரீட்சை லீவில் திருமங்கலத்துக்கு அனுப்பினேன். மதினி வீட்டில் அவள் வயதுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே தமயந்தி சாப்பாட்டை நிறுத்தினாள். கேட்டிலேயே கிடந்தாள். ஒரே மாதிரி, ஒரே ராகத்தில், விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மக்கைப் பிரித்து வைத்தால் அந்தக் குஞ்சுகள் கத்துகிற சத்தத்தை டாக்டரின் கொட்டகையில் கேட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தவர்கள் வந்து, பிள்ளையை வரவழைத்துவிடப்பா, கேட்கச் சகிக்கவில்லை என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றப் போன நர்ஸைக் கடித்துவிட்டாள். நான் மதினிக்குப் போன் செய்யும் முன்பே மதி வாசலில் வந்து நின்றாள். பெரிய மாமாவை நச்சரித்து பஸ் ஏற்றிக் கூட்டி வரச் செய்திருக்கிறாள்.

"ஏம்மா வந்த? விளையாட வேண்டியதுதானே?" என்றேன்.

"அங்க எல்லாரும் விளையாடுனாங்கப்பா. எனக்கு இவ சாப்டாளான்னே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் போனாள்.

அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவில்லை. எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்தது ஒரே ஆள்தான். தமயந்தி. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா இருக்கிறவர்களுக்கு என்ன குறை?

போன ஐப்பசியில் மதிக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதி வீட்டில் டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன, இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்று காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியானம். நான் கடையைச் சாத்திவிட்டு ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு தணலாகக் கொதித்தது. கண் சொருகிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அம்மா" என்றாள் மதி. நினைவில்லாமல் சொன்னது. "அம்மா... அம்மா..."

தமயந்தி அவள் காலடியில் சுருண்டு படுத்திருந்தாள். சத்தம் கேட்டதும் எழுந்து, தவழ்ந்து மேலே வந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குள் ஏதோ எழும்பியது. பெற்ற வயிறு. எந்தக் கதவு சாத்தினால் என்ன, அந்தக் குரலுக்கு ஏதாவது அசையாதா? கையை நீட்டி நெற்றியைத் தொட மாட்டாளா?

அவள் மதியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்திரி" என்றாள் அழுதுகொண்டே. "பசிக்குது."

நான் அவளை இழுத்தேன். வரவில்லை. சோறு போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். கோபத்தில் அறையக் கையை ஓங்கிவிட்டேன். அவள் மதியின் போர்வைக்குள் நுழைந்து, கொதிக்கிற அந்தக் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். எனக்குப் பயந்து.

மதி கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். உட்காரும்போதே தலை ஆடியது.

"அவள அடிக்காதீங்கப்பா. அவளுக்குத் தெரியாதுல்ல" என்றாள். "தட்ட இங்க கொடுங்க. மோர் ஊத்துனீங்களா?"

"நீ படும்மா. நான் பாத்துக்கிறேன்."

"உங்ககிட்ட வாங்க மாட்டா."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் கைக்குப் பிடிக்கப் பலம் இல்லை. சோற்றைப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினாள். தமயந்தி போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி வாயைத் திறந்தாள். நாலைந்து வாய் போனது. மதி ஊட்டுவதை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா இவள யாருப்பா பாத்துக்குவா?"

சித்தம் சரியில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்கள், கிழடு தட்டிய பிறகு, படுக்கையில் கிடந்து கேட்கிற கேள்வி அது. என் மகளுக்கு ஒன்பது வயது. அந்தக் கேள்வியை அவள் அழாமல் கேட்டாள். ஏற்கெனவே பல தடவை தனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன்.

அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அடுத்த உருண்டையை உருட்டினாள்.